வசூல்காரர் வாசலில் நிற்கும்போது: சென்னையில் உதவி பெறும் வழிகள்

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தவணை தவறியவரைத் தெருவில் நிறுத்தி ஏசுவதற்கு எந்த வங்கிக்கும் எந்தத் தண்டல்காரருக்கும் உரிமை கிடையாது என்பதும் அதே அளவுக்கு உறுதியானது. ‘வாங்கியது நாம்தானே’ என்று இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள்தான் பெரும்பாலும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஒரே மாடிப்படியைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் சென்னையின் வாடகை வீடுகளில், சத்தம் வீட்டு உரிமையாளர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில், கொடுக்க முடியாத தொகையைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, அதற்காக இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்குபவர்கள் ஏராளம்.

உதவி தேடிப் புறப்படும் முன், கடன் கொடுத்தவர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வங்கி, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனம், மகளிர் குழுக்கடன் தரும் நிறுவனம், கைபேசிச் செயலி, தெருவில் தண்டல் விடும் தனியார் என ஒவ்வொருவருக்கும் எதிராகத் தட்ட வேண்டிய கதவு வேறு. வங்கி அனுப்பிய ஏஜென்ட் என்றால் அடையாள அட்டையும், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் அவர் கையில் இருக்க வேண்டும். அவற்றைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூட ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டுவதும், உறவினர், நண்பர் முன்னிலையில் இழிவுபடுத்துவதும் அதே சுற்றறிக்கையில் தடை செய்யப்பட்டுள்ளன. கடனாளிகளிடம் அடியாட்களை ஏவிப் பணம் வசூலிக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம் தேவை. யார், எந்த எண்ணிலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பதை அன்றன்றே எழுதுங்கள். அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், வீட்டு வாசலில் நடந்ததைக் கேட்ட அண்டை வீட்டாரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புகளை வைத்து, கடன் கணக்கு எண்ணுடன், வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். அந்தக் கடிதத்திலேயே முழுக் கணக்கு விவரத்தையும் கேளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் யாரும் பேரம் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் தாமதிக்காமல் புகார் செய்யலாம். இணையதளத்திலேயே பதிவு செய்யலாம், 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதால், புகார் எழுதித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை நாட வேண்டியதில்லை. குறைதீர்ப்பாளர் கடனைத் தள்ளுபடி செய்ய மாட்டார். வங்கியும் அதன் ஏஜென்ட்டும் விதிப்படி நடந்தார்களா என்பதையே அவர் பார்ப்பார்.

குழுக்கடன் வாங்கிய பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம், வியாசர்பாடி போன்ற இடங்களில் ஒருவர் தவணை தவறினால், வசூலுக்கு வந்த அலுவலர் மற்ற உறுப்பினர்களைக் கூட்டிவைத்து, “அவங்க கட்டுற வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது” என்று உட்கார வைத்துவிட்டால், நிறுவனத்தின் வேலையை அக்கம்பக்கத்துப் பெண்களே செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். இதைவிடக் கொடுமையான வசூல் முறை வேறில்லை, ஏனென்றால் மறுநாள் முகம் கொடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நுண்கடன் விதிகளின்படி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கு வராதவரின் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ மட்டுமே அலுவலர் போகலாம். இந்தக் கடன்களுக்கு நேரமும் குறைவு: காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரைதான். குழுவில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால், தனியாளாகப் போகும்போது கிடைக்காத மரியாதை கிடைக்கும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தின்படி குற்றம். அதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமே இயற்றியது. காவல் நிலையத்தில், “இது சிவில் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடும். அப்போது, “கடனைப் பற்றி நான் புகார் செய்யவில்லை, மிரட்டலைப் பற்றிப் புகார் செய்கிறேன்” என்று பணிவாகவும் அழுத்தமாகவும் சொல்லுங்கள். மனுவிலும் மிரட்டிய சொற்களையே முதலில் எழுதுங்கள். மனுவைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். மறுத்தால் வேப்பேரியில் உள்ள மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. ஆள் வாசலில் நின்று அடிக்க வரும் நிலையில் 100 அல்லது 112-ஐ உடனே அழையுங்கள்.

செயலிக் கடனில், தொடர்பு எண்களைத் திருடி உறவினர்களுக்குத் திருத்திய படங்களை அனுப்புபவர்களுக்குப் பணம் கட்டினாலும் மிரட்டல் நிற்பதில்லை. 1930-ஐ அழைத்துச் சைபர் குற்றப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, உறவினர்களிடம் நீங்களே முந்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மிரட்டுபவர்கள் கையில் இருக்கும் ஆயுதம் அங்கேயே மழுங்கிவிடும்.

கடன் கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் காவல்துறை யாரையும் கைது செய்ய முடியாது. காசோலை திரும்பிய விவகாரம் வேறு, அது குற்ற வழக்காகும். வக்கீல் நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் பணம் கட்டவோ பதில் தரவோ வேண்டும். வீட்டை அடமானம் வைத்திருந்தால், 60 நாளுக்குள் கடனைக் கட்டச் சொல்லி வங்கி அனுப்பும் நோட்டீஸைப் பிரிக்காமல் வைப்பது பெரும் தவறு. இத்தகைய தாள் எது வந்தாலும் இலவச சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் கடிதம் சமரசத்துக்கான அழைப்பு மட்டுமே, அது தீர்ப்பாகாது.

இவ்வளவுக்கும் நடுவே தூக்கம் போய், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால், புகாரெல்லாம் பிறகு ஆகட்டும், முதலில் மனநல ஆலோசனை தரும் 104 அல்லது 14416-ஐ அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

பேசி முடிக்கும் தொகை எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள், அதுவும் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும். தொகையைக் குறைத்து முடித்தால் கடன் வரலாற்றில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, அடுத்த கடனுக்குத் தடையாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ வீட்டுப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகளையும் புரோநோட்டையும் எண்ணி வாங்கி, ஒரு காசோலை குறைந்தாலும் அதன் எண்ணைக் குறிப்பிட்டுப் பணம் வழங்க வேண்டாம் என்று உங்கள் வங்கிக்கு அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.