அமிலத்தில் எந்த உப்பு கரையும்? எதிரயனியைப் பார்த்துக் கணிக்கும் முறை

நீரில் எளிதில் கரையாத ஓர் உப்பு அமிலத்தில் கரையுமா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் அதன் எதிரயனியே (உப்பில் எதிர்மின்சுமை கொண்ட பகுதியே) விடை சொல்லிவிடும். முதலில் கண்ணால் பார்த்துவிட்டுக் காரணத்துக்கு வருவோம்.

படி 1: சோதனை

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் வெள்ளை வினிகரை ஊற்றி, ஒன்றில் கழுவிய முட்டை ஓட்டையும் மற்றொன்றில் இறுகிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துண்டையும் போடுங்கள். ஓட்டின் மேல் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். அவை உடைந்ததும் ஓடு மீண்டும் அமிழும். பிளாஸ்டர் துண்டிலிருந்தும் தொடக்கத்தில் சில குமிழிகள் வரலாம். அது துளைகளில் அடைபட்டிருந்த காற்றுதான். சற்று நேரத்தில் நின்றுவிடும்.

இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். ஒரு லிட்டர் நீரில் அது ஏறத்தாழ 2.4 கிராம் கரையும்; முட்டை ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டோ, கரியமில வாயு கலவாத நீரில் 0.02 கிராம்கூடக் கரையாது. அப்படியிருந்தும் வினிகரிடம் தோற்பது கார்பனேட்தான்.

படி 2: எதிரயனியை அடையாளம் காணுதல்

கார்பனேட் அயனி வலிமை குறைந்த அமிலமான கார்பானிக் அமிலத்திலிருந்து வந்தது. எனவே அது அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனியை விடாமல் பற்றிக்கொண்டு முதலில் பைகார்பனேட்டாகவும், பின்னர் கார்பானிக் அமிலமாகவும் மாறி, கரியமில வாயுவாக வெளியேறுகிறது. கரைசலில் கார்பனேட் குறையக் குறைய, அந்த இழப்பை ஈடுகட்டத் திண்மம் மேலும் மேலும் கரைகிறது. ஹைட்ராக்சைடு, பாஸ்பேட், ஃபுளூரைடு, ஆக்சலேட் ஆகியவற்றின் போக்கும் இதுவே. குளோரைடோ வலிமை மிகுந்த அமிலத்தின் எதிரயனி. ஹைட்ரஜன் அயனியை அது பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் சில்வர் குளோரைடு வீழ்படிவு நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைவதில்லை. சல்பேட்டின் மீதும் அமிலத்தின் பாதிப்பு சொற்பமே.

படி 3: கணக்கிடுதல்

மில்க் ஆஃப் மெக்னீசியாவிலுள்ள மெக்னீசியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் (தெவிட்டிய கரைசலிலுள்ள அயனிச் செறிவுகளின் பெருக்கற்பலன்) 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 5.6 × 10⁻¹². ஒரு மெக்னீசியம் அயனிக்கு இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் இருப்பதால், இதை ஹைட்ராக்சைடு செறிவின் வர்க்கத்தால் வகுத்தால் மெக்னீசியம் அயனியின் செறிவு கிடைக்கும். பி.எச். 10 ஆக நிலைநிறுத்தப்பட்ட கரைசலில் ஹைட்ராக்சைடு செறிவு 10⁻⁴ என்பதால், லிட்டருக்கு 0.00056 மோல் கரையும், பி.எச். 9 என்றால் 0.056 மோல். வர்க்கம் இருப்பதால், பி.எச். ஒரே ஓர் அலகு இறங்கும்போது கரைதிறன் 100 மடங்கு ஏறிவிடுகிறது.

படி 4: பேரியத்தில் பொருத்திப் பார்த்தல்

பேரியம் அயனி நஞ்சு. ஆயினும், எக்ஸ்ரே படத்தில் குடல் தெளிவாகத் தெரிவதற்காக நோயாளிகளுக்குப் பேரியம் சல்பேட்டைக் குடிக்கத் தருகிறார்கள். வயிற்றிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அதைக் கரைக்க முடியாது. நீரில் அதைப் போலவே கரையாததாகத் தோன்றும் பேரியம் கார்பனேட் வயிற்றில் கரைந்துவிடும். 2003-இல் பிரேசிலில், பேரியம் கார்பனேட் கலந்திருந்த எக்ஸ்ரே மருந்தைக் குடித்த நோயாளிகள் பலர் உயிரிழந்தனர்.

படி 5: புதிதாக உருவாகும் உப்பையும் கவனித்தல்

தொடக்க நிலை மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான். சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட்தான். அதன் துண்டின் மீது நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினால் முதலில் நுரை பொங்கும். ஆனால் உருவாகும் கால்சியம் சல்பேட் கல்லின் மேல் படலமாகப் படிந்து அமிலத்தை மறித்துவிடுவதால், வினை விரைவிலேயே ஓய்ந்துவிடும். ஆய்வகத்தில் கரியமில வாயு தயாரிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே பயன்படுத்துவது இதனால்தான்.