கோ ஆன்: பின்னால் 'இங்' வருமா, 'டு' வருமா?

ஆங்கிலத்தில் கோ ஆன் (go on) என்றால் தொடர்வது என்று எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். இடறுவது அதற்கு அடுத்து வரும் வார்த்தையில்தான்: வினையின் கடைசியில் 'இங்' (-ing) சேர்ப்பதா, முன்னால் 'டு' (to) போடுவதா? கிண்டியில் ஒரு இன்டர்வியூவில் "ஆஃப்டர் மை மேரேஜ், ஐ வென்ட் ஆன் டு ஒர்க்" என்றேன். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடவில்லை என்று சொல்வதாக நினைத்தேன், ஆனால் எதிரே இருந்தவர் கல்யாணத்துக்கு அப்புறம்தான் வேலைக்கே போனேன் என்று புரிந்துகொண்டு, அதற்கு முந்தைய மூன்று வருஷ அனுபவத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 'வென்ட் ஆன் ஒர்க்கிங்' என்று சொல்லியிருக்க வேண்டும். ரொம்ப வலித்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பேசிக்கொண்டே போனார்' என்று 'கொண்டே' வந்தால் இங்: ஹி வென்ட் ஆன் டாக்கிங். 'அடுத்து', 'அப்புறம்' வந்தால் டு.

இரண்டாவது படி, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பீச் ஸ்டேஷனில் ஏறி அதே ரயிலில் தாம்பரம் வரை உட்கார்ந்திருந்தால் அது இங். கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடித்தால் டு, அதாவது பயணம் நிற்கவில்லை, வண்டி மாறிவிட்டது. கணித மேதை ராமானுஜன் 1912ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார், 1918ல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஃபெலோ, அதாவது உறுப்பினர், ஆனார். அதனால் 'ஹி வென்ட் ஆன் டு பிகம் எ ஃபெலோ'. இங்கே 'பிகமிங்' போட்டால் ஏற்கெனவே ஆகிக்கொண்டிருந்ததை விடாமல் ஆகிக்கொண்டே இருந்தார் என்பதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது: செய்துகொண்டிருந்ததையே தொடரும்போது, பின்னால் வினை இல்லாமல் பெயர்ச்சொல் வந்தால் வித். கோ ஆன் வித் யுவர் ஒர்க். அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பு ஆப்பை மட்டும் இதற்கு நம்பாதீர்கள், இரண்டுக்கும் 'தொடர்ந்து' என்றே போட்டுவிடலாம். கற்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை வாங்குங்கள், அதில் கோ என்ற சொல்லின் கீழே இரண்டு அமைப்பும் எடுத்துக்காட்டோடு தனித்தனியாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு நோட்டில் உங்கள் வாழ்க்கையை வைத்தே பத்து வாக்கியம் கையால் எழுதுங்கள், டைப் செய்தால் மனதில் ஒட்டாது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் கீப் ஆன், கேரி ஆன் பற்றிக் கேட்டார்கள். தொடர்ந்து செய்வதைச் சொல்ல இரண்டுக்கும் இங் மட்டும்தான்: கீப் ஆன் வாக்கிங், கேரி ஆன் ரீடிங். 'கேரி ஆன் டு தாம்பரம்' சரிதானே என்று ஒருவர் மடக்கினார். சரிதான், ஆனால் அங்கே டுவுக்குப் பின்னால் வருவது ஊர், வினை இல்லை.