தண்டாலுக்கு எதிர்ப் பயிற்சி புல்-அப் அல்ல: எதிரெதிர் அசைவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடல் எடையை மட்டும் வைத்துப் பயிற்சி செய்பவர்களின் பட்டியலில் தண்டால் இருக்கும், ஸ்குவாட் இருக்கும், பிளாங்க் இருக்கும். இழுப்பது எதுவும் இருக்காது. தள்ளுவதற்குத் தரை போதும், இழுப்பதற்கோ எதையாவது பிடித்தாக வேண்டும் என்பதே காரணம். இந்தக் குறையை எல்லோரும் சுட்டிக்காட்டுகிறார்கள். அதைத் திருத்தப் போகிறவர்கள் செய்யும் தவறுதான் கவனிக்கப்படுவதில்லை: தண்டாலுக்கு ஈடாகப் புல்-அப் (தலைக்கு மேலுள்ள கம்பியைப் பிடித்துத் தொங்கி உடலை மேலே இழுப்பது) செய்துவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று நம்புவது.

கை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். தண்டாலில் அது மார்புக்கு நேர் முன்னே தள்ளுகிறது. அப்படியானால் எதிர் அசைவு, முன்னாலிருந்து மார்பை நோக்கி இழுப்பது. இடுப்பு உயரக் கம்பியின் அடியில் மல்லாந்து தொங்கி, உடலை வளைக்காமல் மார்பைக் கம்பிக்குக் கொண்டுபோகும் இன்வர்ட்டட் ரோ அதைத்தான் செய்கிறது. புல்-அப்பில் கை தலைக்கு மேலிருந்து கீழே வருகிறது; அதன் இணை, இடுப்பை உயர்த்தித் தலைக்கு மேல் தள்ளும் பைக் புஷ்-அப்.

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை அல்ல. புல்-அப்பில் அதிகம் உழைக்கும் அகன்ற முதுகுத் தசை மேற்கையை உட்புறமாகத் திருப்பக்கூடியது. மார்புத் தசையும் அதையே செய்கிறது. தண்டால், புல்-அப் என்ற இரண்டோடு நின்றால், தோளின் பின்பகுதிக்கும் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்கும் தசைகளுக்கும் போதிய வேலை கிடைக்காது. அதனால் கூன் விழுந்துவிடும் என்று பயமுறுத்துவதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தசைகள் பின்தங்கும்.

எண்ணிக்கையைச் சமமாக வைப்பதும் ஏமாற்றும். தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. புல்-அப்பில் கிட்டத்தட்ட முழு எடை. 20 தண்டாலுக்கு 20 புல்-அப் என்று தேடினால் கிடைக்காது. இரண்டிலும் இன்னும் ஒன்றிரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள், அதுவே நியாயமான ஒப்பீடு. ரோ எளிதாகிவிட்டால் கம்பியைத் தாழ்த்துங்கள், பிறகு கால்களை ஒரு பெட்டியின் மேல் வையுங்கள்.

தோள்பட்டை எலும்புகளை எப்போதும் பின்னால் இறுக்கியே வைக்க வேண்டும் என்பது பெஞ்ச் பிரஸ், அதாவது பலகையில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பயிற்சி, செய்பவர்களிடமிருந்து வந்த அறிவுரை. அங்கே முதுகு பலகையில் அழுந்திக் கிடக்கிறது. தண்டாலில் அந்த எலும்புகளுக்குத் தடையில்லை. மேலே வந்து முடிக்கும்போது அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகட்டும். விலா எலும்புகளின் பக்கவாட்டில் உள்ள செரேட்டஸ் தசைக்கு அப்போதுதான் வேலை. ரோவில் நேர்மாறாக, இழுத்து முடிக்கும்போது நெருங்கட்டும். இரண்டிலும் அவற்றை அசையாமல் பூட்டி வைத்தால் எதிரெதிர் அசைவில் பாதி காணாமல் போகிறது.

காலிலும் இதே குழப்பம்தான். ஸ்குவாட்டுக்கு ஈடாக, ஒரு காலை முன்னே வைத்து இறங்கும் லஞ்ச் செய்கிறார்கள். இரண்டுமே முழங்காலை மடக்கி முன்தொடையை உழைக்க வைப்பவை. பின்தொடைத் தசைகள் இடுப்பையும் முழங்காலையும் கடந்து செல்பவை. ஸ்குவாட்டில் இரு மூட்டுகளும் சேர்ந்தே மடங்குவதால் அவற்றின் நீளம் அதிகம் மாறுவதில்லை, அதனால் போதிய வேலையும் கிடைப்பதில்லை. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பிரிட்ஜில் தொடங்கி, ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வதற்குப் போங்கள். மண்டியிட்டு, உடலை நேராக வைத்து முன்னோக்கிச் சாய்ந்து எழும் நார்டிக் கர்ல் கடினமானது. கணுக்காலை யாராவது பிடித்துக்கொள்ள, முதலில் மெதுவாகக் கீழிறங்குவதை மட்டும் பழகலாம்.

கடைசியாக, வரிசை. களைத்த பிறகு ஒப்புக்கு இரண்டு ரோ செய்வது பயன் தராது. ஒரு செட் ரோ, ஒரு நிமிடம் ஓய்வு, ஒரு செட் தண்டால் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒன்று உழைக்கையில் மற்றது ஓரளவு இளைப்பாறும், நேரமும் மிச்சமாகும். கம்பிக்குப் பதில் மேசையின் விளிம்பைப் பிடிப்பதாக இருந்தால், அது கவிழாது என்று முழு எடையையும் போட்டுச் சோதித்த பின்பே அடியில் படுங்கள்.