மீட்டிங் நேரம் மாறித் தெரிகிறதா? எத்தனை மணி பிசகு என்று முதலில் பாருங்கள்

பகிர்ந்துகொண்ட காலண்டர் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு மீட்டிங் ஏழு மணி, பக்கத்து இருக்கைக்காரருக்கு எட்டு மணி. உடனே செட்டிங்ஸைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் ஒரு கோளாறு மூன்றாகும். எது முதலில் இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

எங்கள் குழு சென்னை, லண்டன், நியூயார்க் என மூன்று ஊர்களில் இருக்கிறது. மார்ச் பிறந்தால் இந்தப் பஞ்சாயத்து என் மேசைக்கு வந்துவிடும். அதைத் தீர்த்துத் தீர்த்துப் பழகிய வரிசையை இங்கே எழுதுகிறேன். கூகுள் காலண்டர், அவுட்லுக் இரண்டுக்கும் பொருந்தும். காலண்டரைப் பகிர்வதும் அழைப்பு அனுப்புவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கழித்துப் பாருங்கள்

எதையும் தொடாதீர்கள். இருக்க வேண்டிய நேரத்தையும் திரையில் தெரியும் நேரத்தையும் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். பெரும்பாலும் அந்த விடையே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரு மணி நேரம் என்றால் கோடைநேர மாற்றம், அதாவது சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது. அரை மணி என்றால் நேர மண்டலப் பட்டியலில் விரல் ஒரு வரி தள்ளிப் பட்டிருக்கிறது: யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தைவிடக் கராச்சி +5, டாக்கா +6, நாம் நடுவில் +5:30. கால் மணி என்றால் காத்மாண்டு, நேபாளம் +5:45. ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் என்றால் நியூயார்க். பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை என்றால் கலிபோர்னியா. சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் நேர மண்டலத்தைக் குறை சொல்லாதீர்கள். யாரோ காலையையும் மாலையையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

ஐந்தரை மணி நேரப் பிசகு பெரும்பாலும் மனிதர்கள் செய்வது அல்ல, மென்பொருள் செய்வது. ஒரு பக்கம் யூடிசி நேரத்தை எழுதுகிறது, மறுபக்கம் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. பிசகு எந்தத் திசையில் என்று பாருங்கள். மாலை 7:00 மணி மீட்டிங் மதியம் 1:30 என்று தெரிந்தால், யூடிசி எண் அப்படியே நம் நேரமாக உட்கார்ந்துவிட்டது. அதே மீட்டிங் நள்ளிரவு 12:30க்குப் போயிருந்தால் தலைகீழ்: நம் ஏழு மணியை யூடிசி என்று நம்பி, மேலும் ஐந்தரை மணி நேரம் கூட்டியிருக்கிறது. அறை முன்பதிவு மென்பொருள்களும், எக்ஸெலிலிருந்து மொத்தமாக ஏற்றிய பட்டியல்களும் இந்த வேலையைச் செய்யும்.

படி 2: கணினியின் கடிகாரம்

விண்டோஸில் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம். அங்கே நேர மண்டலம் ‘யூடிசி+05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி’ என்று இருக்க வேண்டும். ‘ஸ்ரீ ஜெயவர்தனபுர’ என்று இருந்தாலும் இப்போதைக்கு மணி ஒன்றுதான். இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. கொழும்புக்காரர்கள் குழுவில் இருந்தால், 2006க்கு முந்தைய பதிவுகளை எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. கீழே டாஸ்க்பாரில் மணி சரியாகத் தெரியும், காலண்டரில் எல்லா மீட்டிங்கும் பன்னிரண்டரை மணி நேரம் தள்ளி நிற்கும். கலிபோர்னியா மண்டலத்தோடு வந்த மடிக்கணினியில், மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருத்தியிருப்பார்கள். மண்டலத்தைச் சரிசெய்து, ‘செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி’யையும் இயக்குங்கள். மணியைக் கையால் திருத்தும் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது. அலுவலக லாகினில்கூட அது தகராறு செய்யும்.

படி 3: காலண்டரின் மண்டலம்

கூகுளில் மூன்று இடங்கள் இருக்கின்றன: உங்கள் கணக்குக்கு ஒன்று, ஒவ்வொரு காலண்டருக்கும் தனியாக ஒன்று, ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஒன்று. முதல் இரண்டையும் செட்டிங்ஸில் பார்த்துவிடலாம். டெஸ்க்டாப்பில் நிறுவும் பழைய அவுட்லுக்கில் மண்டலத்தை மாற்றினால் விண்டோஸின் மண்டலமும் சேர்ந்தே மாறும். உலாவியில் திறக்கும் அவுட்லுக்குக்கு அமைப்பு தனி. இரண்டையும் பயன்படுத்துபவர்கள் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

படி 4: மீட்டிங் எந்த ஊர் நேரத்தில் கட்டப்பட்டிருக்கிறது?

பெரும்பாலான தகராறு இங்கேதான் இருக்கிறது. இந்தப் படிக்குத்தான் என் நேரமும் அதிகம் போயிருக்கிறது.

வாரந்தோறும் வரும் மீட்டிங் ஒரு குறிப்பிட்ட ஊரின் கடிகாரத்தில் கட்டப்பட்டிருக்கும். அந்த ஊர் கோடைநேரத்துக்கு மாறினால் மீட்டிங்கும் அதோடு நகரும். இந்தியாவில் கோடைநேரம் கிடையாது; எனவே நாம் நிற்கிறோம், அவர்கள் நகர்கிறார்கள். அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாறுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. 2026இல் மார்ச் 8, மார்ச் 29. நடுவிலுள்ள மூன்று வாரங்கள்தான் குழப்பக் காலம். திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் 25, அமெரிக்கா நவம்பர் 1. அப்போது ஒரு வாரம்.

குளிர்காலத்தில் நியூயார்க் காலை 9:30 என்றால் லண்டனில் பிற்பகல் 2:30, சென்னையில் இரவு 8:00. இந்த மீட்டிங்கை நியூயார்க் போட்டிருந்தால் மார்ச் 8 முதல் நமக்கு 7:00 மணி, லண்டன்காரர்களுக்கு 1:30. லண்டன் போட்டிருந்தால் மார்ச் 29 வரை நமக்கு அதே 8:00. நியூயார்க்கில்தான் 10:30 என்று தெரியும். இரண்டுமே சரியான நேரங்கள். இதைக் கோளாறு என்று நினைத்து யாராவது ‘திருத்தினால்’ அந்த மூன்று வாரம் முடிந்ததும் நிஜமான கோளாறு தொடங்கும்.

சரி, நிஜமான கோளாறு எப்படி இருக்கும்? அவுட்லுக்கில் மீட்டிங்கைத் திறந்து ‘டைம் ஸோன்ஸ்’ பொத்தானை அழுத்திப் பட்டியலைப் பாருங்கள். நியூயார்க்குக்கு உரியது ‘யூடிசி-05:00 ஈஸ்டர்ன் டைம்’. கோடையிலும் பட்டியலில் -05:00 என்றே இருக்கும். அதே -05:00இல் ‘பொகோட்டா, லிமா, குய்ட்டோ’ என்றும் ஒரு வரி உண்டு. கொலம்பியாவிலும் பெருவிலும் கோடைநேரம் இல்லை. எண்ணைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் ஜனவரியில் எல்லாம் ஒழுங்காக ஓடும், மார்ச்சில் ஒரு மணி நேரம் பிசகும். கோடையில் தேடுபவர், நியூயார்க் இப்போது -4 அல்லவா என்று -04:00 வரிசைக்குப் போய் ‘அட்லாண்டிக் டைம், கனடா’வைப் பிடித்துக்கொள்வார். அதுவும் கோடையில் -3க்கு மாறியிருக்கும். மீட்டிங் அன்றே தவறும். லண்டனுக்கும் இதே கதைதான்: ‘டப்ளின், எடின்பரோ, லிஸ்பன், லண்டன்’ வரியை எடுக்க வேண்டும், ‘மொன்ரோவியா, ரெய்க்யவிக்’ வரியையோ வெறும் யூடிசியையோ எடுக்கக் கூடாது.

எண்ணைப் பார்க்காதீர்கள், ஊரைப் பாருங்கள். ஜூலை மாத மின்னஞ்சலில் ‘காலை பத்து, ஈஎஸ்டி’ என்று எழுதுபவர்களிடம் எந்த ஊர் என்று ஒரு வரியில் கேட்டுவிடுங்கள். ஈஎஸ்டி என்பது நியூயார்க்கின் குளிர்கால நேரம்; கோடையில் நியூயார்க் அதில் இருப்பதே இல்லை.

படி 5: போட்டவர்தான் திருத்த வேண்டும்

அழைப்பைப் பெற்றவர் தன் பிரதியில் நேரத்தை இழுத்து வைத்தால் மற்றவர்களுக்குச் சரியாகாது. மீட்டிங்கைப் போட்டவரிடம் சொல்லுங்கள். கூகுளில் ‘இதுவும் இனி வருபவையும்’ என்று தேர்ந்தெடுத்து மண்டலத்தை மாற்றலாம். அவுட்லுக்கில் பழைய தொடரை ஒரு தேதியோடு முடித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் என் வழக்கம். நடந்து முடிந்த மீட்டிங்குகளின் குறிப்புகள் பத்திரமாக இருக்கும்.

யார் போட வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு கொள்கை உண்டு. நேரத்தை நகர்த்தவே முடியாத நிலையில் இருப்பவர் போடட்டும். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் நியூயார்க்காரருக்கு 9:30 மாறக் கூடாது என்றால் அது அவர் ஊர் நேரத்தில் இருக்கட்டும். இரவு வண்டி பிடிக்க வேண்டிய சென்னைக்காரருக்கு ஏழு மணி மாறக் கூடாது என்றால் இங்கிருந்து போடுங்கள்.

ஐசிஎஸ் கோப்பாக வந்த அழைப்பு

வெளி நிறுவனங்கள் சில நேரம் இணைப்பாக ஒரு ஐசிஎஸ் கோப்பை, அதாவது காலண்டர் அழைப்பு அடங்கிய எழுத்துக் கோப்பை அனுப்பும். நோட்பேடில் திறந்தால் தொடக்க நேரம் ஒரே வரியில், தேதியும் மணியும் ஒட்டியபடி இருக்கும். கடைசியில் ‘இசட்’ எழுத்து இருந்தால் அது யூடிசி. முன்னால் ‘ஆசியா/கொல்கத்தா’ போல ஊர்ப்பெயர் இருந்தால் அந்த ஊர் நேரம். பழைய ‘கல்கத்தா’ என்று இருந்தாலும் பதற வேண்டாம், இரண்டும் ஒன்றே. இரண்டுமே இல்லையென்றால் அது மிதக்கும் நேரம்: சென்னையில் திறந்தால் சென்னை ஏழு மணி, துபாயில் திறந்தால் துபாய் ஏழு மணி. அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்குங்கள்.

நான் வைத்திருக்கும் ஏற்பாடு

காலண்டரின் இடப்பக்கம் இரண்டாவது நேர மண்டலத்தை எப்போதும் காட்டும்படி வைத்திருக்கிறேன். கூகுள், அவுட்லுக் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. நேரம் மாற்றித் தரும் தனிச் செயலிகள் எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. ஓரத்தில் தெரியும் இந்த இரண்டாவது நேரம் போதும். மீட்டிங் தலைப்பில் ‘இரவு 8 மணி’ என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நேரம் நகர்ந்தாலும் தலைப்பு நகராது.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

விடுப்பு என்று நாள் முழுவதற்கும் போட்டது இரண்டு நாளாகத் தெரிகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவுட்லுக் அதை ஒரு ஊரின் நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை என்று வைத்துக்கொள்கிறது. வேறு மண்டலத்தில் பார்க்கும்போது அது இரண்டு தேதிகளில் படரும். அவரவர் ஊர்க் காலண்டரில் அவரவர் விடுப்பைப் போட்டு, தலைப்பில் தேதியையும் எழுதிவிடுங்கள். தலைப்பில் நேரம் கூடாது என்றேன், தேதி இருக்கலாம்.

காலண்டரில் ஒரு மணி, ஜூம் அழைப்பின் வாசகத்தில் இன்னொரு மணி என்று வேறொருவர் எழுதியிருந்தார். ஜூம் கணக்குக்கும் தனி நேர மண்டலம் உண்டு. வாசகத்தில் வருவது அதிலிருந்து. உலாவியில் ஜூமின் ‘புரொஃபைல்’ பக்கத்தில் அதை மாற்றிவிட்டு, அழைப்பு வாசகத்தை மறுபடி நகலெடுத்துப் போடுங்கள். ஏற்கெனவே அனுப்பிய வாசகம் தானாக மாறாது.

மெக்சிகோவில் உள்ள வாடிக்கையாளரின் மீட்டிங் கோடையில் மட்டும் ஒரு மணி நேரம் பிசகுகிறது என்பது மூன்றாவது. மெக்சிகோ 2022இல் பெரும்பாலான பகுதிகளில் கோடைநேரத்தைக் கைவிட்டுவிட்டது. புதுப்பிப்புகள் பெறாத பழைய கணினிக்கு அது தெரியாது. கஜகஸ்தான் 2024 மார்ச் 1 அன்று நாடு முழுவதையும் +5க்குக் கொண்டுவந்தபோதும் இதே நிலைதான். விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, கணினியை மறுபடி தொடக்கிப் பாருங்கள். நிறுவனக் கணினி என்றால் அப்டேட் அனுமதி ஐடி பிரிவிடம் இருக்கும். அவர்களிடம் ‘காலண்டர் சரியில்லை’ என்று சொல்லாமல், ‘நேர மண்டலத் தரவு பழையது’ என்று சொல்லி டிக்கெட் போடுங்கள், சீக்கிரம் நடக்கும்.