போரில் செத்தவர் கணக்கு: எண்ணைப் படிப்பதில் நாம் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் ஒரே ஒரு சொல்லில் நடக்கிறது. ஆங்கிலச் செய்தியில் 'கேஷுவல்டீஸ்' என்று வருவது பெரும்பாலும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்த கணக்கு. தமிழுக்கு வரும்போது அது 'பலி' ஆகிவிடுகிறது. கட்டுப் போட்டுக்கொண்டு மருத்துவமனையில் கிடப்பவரை மொழிபெயர்ப்பிலேயே கொன்றுவிடுகிறோம்.

அதைவிடப் பெரிய தவறு, உறுதி செய்யப்பட்ட எண்ணை மொத்த எண்ணாகப் படிப்பது. கணக்கெடுப்பவர் சொல்வது 'இவ்வளவு பேர் இறந்தது எங்களுக்குத் தெரியும்' என்று. நாம் படிப்பது 'இவ்வளவு பேர்தான் இறந்தார்கள்' என்று. அந்தத் 'தான்' எங்கிருந்து வந்தது? நாமாகச் சேர்த்தது.

இலங்கை உள்நாட்டுப் போரின் கடைசிக் களமான 2009 வன்னியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் இருந்த ஐ.நா. அலுவலகம் 2008 ஆகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை சேர்த்த கணக்கு: 7,721 பேர் இறப்பு, 18,479 பேர் காயம். போர் முடிந்ததோ அதற்குச் சில நாள் கழித்து, மே 18, 19 தேதிகளில். மிகக் கொடூரமான அந்தக் கடைசி நாட்கள் இந்தக் கணக்கிலேயே கிடையாது. பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் செத்தவர்களும் கிடையாது. 2011-இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு, பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருக்கலாம் என்று நம்பத்தக்க தரப்புகள் மதிப்பிடுவதாக எழுதியது. 'வரை', 'இருக்கலாம்' இரண்டும் போகப் போக உதிர்ந்துவிட்டன. இப்போது ஒரு தரப்புக்கு 40,000 இறுதித் தீர்ப்பு, இன்னொரு தரப்புக்கு 7,721 இறுதித் தீர்ப்பு. அந்த ஆவணங்களோ எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

இதே போரில் இன்னொரு எண்ணும் அடிக்கடி வரும்: 1,46,679. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் 2011-இல், இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது. 2008 அக்டோபரில் கச்சேரிக் (மாவட்ட அரசு அலுவலகக்) கணக்குப்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 4,29,059 பேர். அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சப் பேர் என்ன ஆனார்கள்? அவர் கேட்டது கேள்வி. கழித்து வந்த எண்ணை அப்படியே 'கொல்லப்பட்டோர்' என்று எழுதுவது தவறு, ஏனென்றால் தொடக்கத்து எண்ணில் பத்துப் பேர் கூடக் குறைய இருந்தாலும் அந்தப் பிழை முழுக்க விடையில் வந்து உட்காரும், பதிவாகாமல் வேறு பக்கம் தப்பிப் போனவர்களும் 'இறந்தவர்' ஆகிவிடுவார்கள். சரி, அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2009 தொடக்கத்தில் போர்ப் பகுதிக்குள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது; கடைசியில் வெளியே வந்து முகாம் சேர்ந்தவர்களே அதைப்போல நாலு மடங்கு. உள்ளே எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் எவ்வளவு உணவும் மருந்தும் அனுப்புவது என்று முடிவாகும், அதனால் போருக்கு முந்தைய மக்கள்தொகை என்ற சாதுவான எண்கூடப் போருக்குள்தான் இருக்கிறது. ஒப்பிட ஆரம்பிக்கும் முன்பே அடிக்கல் ஆடுகிறது.

அப்புறம், 'இந்த மாதம் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, சண்டை தணிகிறது போல' என்ற வாசிப்பு. இது எனக்கு மிகவும் ஆபத்தாகத் தெரிகிற தவறு. கணக்கு எங்கிருந்து வருகிறது? பிணவறைப் பதிவேடு, மருத்துவமனை, தொலைபேசி, நடமாடக்கூடிய சாலை. குண்டு விழுவது இவற்றின் மேலும்தான். மிக மோசமான வாரத்தில் பதிவேட்டை எழுதுகிறவரே இருக்கமாட்டார், வரைபடத்தில் கோடு கீழே இறங்கும். சிரியாவில் 2014 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தன் எண்ணிக்கையைப் புதுப்பிப்பதையே நிறுத்திக்கொண்டது, சரிபார்க்க வழியில்லாமல். எண் நின்றது, போர் நிற்கவில்லை.

அதே அலுவலகம் 2022-இல் வேறு முறையில் திரும்பி வந்தது. 2011 மார்ச் முதல் 2021 மார்ச் வரை பெயர், நாள், இடம் எல்லாம் தெரிந்த பொதுமக்கள் இறப்புகள் 1,43,350. ஆனால் மதிப்பீடு 3,06,887. 'மீதியைக் கற்பனையில் சேர்த்துவிட்டார்கள்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. விஷயம் அப்படியில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு குழுக்கள் பட்டியல் போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பெரும்பாலும் அதே பெயர்கள் என்றால், விடுபட்டவர்கள் குறைவு. ஒன்றில் இருப்பவர் மற்றதில் அநேகமாக இல்லை என்றால், இரண்டிலும் சிக்காதவர்கள் வெளியே ஏராளம். பல பட்டியல்களை இப்படி ஒட்டிப் பார்த்துக் கணக்கிடுவதுதான் முறை. உள்நாட்டுப் போர்ச் சாவுகளை விசாரித்த பெருவின் உண்மை ஆணையமும் 2003-இல் இதே வழியில் 69,280 பேர் என்று மதிப்பிட்டது. பெயரோடு கையில் இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். கோளாறு வராதா என்றால், வரும்: ஒரே ஆள் ஒரு பட்டியலில் வீட்டுப் பெயரிலும் இன்னொன்றில் பதிவுப் பெயரிலும் இருந்தால் இரண்டு பிணமாகிவிடுவார். ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டிருந்தாலும் கணக்கு கோணும்.

எண் குறைந்தால் 'அப்போதே சொன்னோமே, பொய்' என்பதும் சரியில்லை. பொஸ்னியாவில் போர் நடந்தபோது இறந்தவர் 2 லட்சம் என்றார்கள். பின்னால் சராயேவோ ஆய்வு மையம் ஒவ்வொரு பெயராகச் சேர்த்தபோது படைவீரர்களையும் சேர்த்தே 1 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. அதனால் அந்தப் போரில் நடந்த ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை நடக்காமல் போய்விடவில்லை.

அடுத்தது, 'கொல்லப்பட்டோர்' என்பதையும் 'கூடுதல் இறப்பு' என்பதையும் குழப்புவது. காங்கோ போரில் 1998 முதல் 2007 வரை 54 லட்சம் பேர் இறந்தார்கள் என்ற எண் பிரபலம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டச்சத்துக் குறைவால் போனவர்கள். போர் இல்லாவிட்டால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் அடிப்படை வைத்து, அதற்கு மேலே போனதை எண்ணியிருக்கிறார்கள். அந்த அடிப்படையை ஆயிரம் பேருக்கு மாதம் 1.5 இறப்பு என்று வைத்தார்கள். 2 என்று மாற்றிப் போட்டுப் பார்த்த விமர்சகர்களுக்கு, 2001-க்குப் பிந்தைய கூடுதல் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அரைப் புள்ளி செய்த வேலை!

ஈராக்கில் 2003 படையெடுப்பு முதல் 2006 நடுப்பகுதி வரைக்கு ஓர் ஆய்வு சுமார் 6,55,000 என்றது, இன்னொன்று 1,51,000. முதலாவது கூடுதல் இறப்பு, இரண்டாவது வன்முறை இறப்பு மட்டும் என்று சொல்லி விலகிவிடுவது பலருக்கு வசதி. ஆனால் முதல் ஆய்வே தன் எண்ணில் சுமார் 6 லட்சம் வன்முறையால்தான் என்றது. ஆகவே வேறுபாடு வரையறையில் மட்டும் இல்லை. முதலாவது 1,849 வீடுகளில் கேட்டது, மற்றது 9,345 வீடுகளில். கேள்வி கேட்கப் போக முடியாத பகுதிகளை எப்படி ஈடுகட்டினார்கள் என்பதிலும் சண்டை இருக்கிறது. இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 'உண்மை நடுவில் இருக்கும்' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டு வெவ்வேறு அளவுகோல்களின் சராசரி எதையும் அளப்பதில்லை.

கடைசியாக, 'பொதுமக்கள்' என்ற சொல். வயதுவந்த ஆண் என்றாலே போராளி என்று ஒரு தரப்பு கழித்துவிடும், இறந்தவர் எல்லாரும் பொதுமக்கள் என்று இன்னொரு தரப்பு சேர்த்துக்கொள்ளும். உடலில் சீருடை இல்லாவிட்டால் பிணவறை ஊழியருக்கு எதுவும் தெரியாது. வன்னியில் கடைசி மாதங்களில் வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கி கொடுக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பட்டியலில் அப்படிப்பட்ட பிள்ளை புலி. அம்மா எழுதிக் கொடுத்த மனுவில் பதினாறு வயது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.