இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மது உரிமத்தைப் பாருங்கள்

இடம் பிடித்து, உள்ளலங்காரம் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியாக "சரி, இனி பார் லைசென்ஸுக்குப் போடலாம்" என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். மது உரிமம் பெரும்பாலான ஊர்களில் உங்களுக்கு மட்டும் கொடுப்பதில்லை, அந்தக் கட்டடத்துக்கும் சேர்த்துத்தான். இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தில் இடத்துக்கு ஓர் உரிமம், விற்பனைக்குப் பொறுப்பேற்கும் ஆளுக்கு இன்னோர் உரிமம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆள் எவ்வளவு யோக்கியமானவராக இருந்தாலும் இடம் சரியில்லை என்றால் ஒன்றும் நடக்காது.

முதலில் தூரம். பள்ளி, வழிபாட்டுத் தலம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்று விதியைப் படியுங்கள். நியூயார்க்கில் 200 அடி விதி உண்டு, வாசலின் நடுவிலிருந்து வாசலின் நடுவுக்கு நேர்கோட்டில் அளப்பார்கள். இந்தியாவில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கேரளத்தில் ஒரு பார் வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும் பாதை கட்டி நடக்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அளக்கும் முறைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வாடகை ஒப்பந்தத்தில் "உரிமம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும்" என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாரை விலைக்கு வாங்குகிறீர்களா? பழைய உரிமம் தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடாது, மாற்றத்துக்குத் தனி மனு உண்டு, அது முடிகிறவரை யார் பெயரில் ஊற்றலாம் என்பதை முன்பே கேட்டு வையுங்கள்.

அடுத்தது பிளான். மனுவோடு கொடுக்கும் வரைபடத்தை இன்ஜினியரிடம் விட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் உங்கள் வியாபாரம். மொட்டை மாடி, நீச்சல்குளக் கரை, வாசலில் போடும் நாலு மேசை, விருந்து மண்டபம், அறைக்கு அனுப்பும் சேவை, அறையிலிருக்கும் மினிபார் என ஒவ்வொன்றும் வரைபடத்திலோ நிபந்தனையிலோ இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஓட்டல்காரர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். உணவகத்துக்கு வாங்கிய உரிமம் மாடியில் இருக்கும் அறைகளுக்கும் செல்லும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். "நாங்கள் விற்கவில்லை, வரவேற்பு பானம் இலவசம்" என்பதும் பல இடங்களில் எடுபடாது, அறை வாடகையில் அதன் விலையும் அடங்கியிருந்தால் அது விற்பனைதான்.

மனு போட்டதும் அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்ல நேரம் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு ஒட்டி 28 நாள் வைக்க வேண்டும். நோட்டீஸைப் பார்த்து அவர்கள் கோபப்படும் முன்பே நீங்களாகப் போய்ப் பேசுங்கள். பாட்டுச் சத்தம், வண்டி நிறுத்தம், கடை மூடும் நேரம், இந்த மூன்றுதான் அவர்கள் கவலை.

உரிமம் வந்த பிறகு தினசரி ஒழுங்கு. உரிமம் பெற்ற மொத்த விற்பனையாளரிடம் மட்டும் சரக்கு எடுங்கள், பில்லும் ஸ்டாக் ரெஜிஸ்டரும் திறந்த பாட்டிலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பாதி பாதியாக இருக்கும் இரண்டு பாட்டில்களை ஒன்றாக ஊற்றி வைப்பது பார் பையன்களுக்குப் பழக்கம், அமெரிக்காவில் அது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். அளவும் அப்படித்தான்: இங்கிலாந்தில் விஸ்கி, ஜின், ரம், வோட்கா தனியாக ஊற்றினால் 25 அல்லது 35 மி.லி., அல்லது அவற்றின் மடங்கு. வயது வரம்பு அங்கே 18, அமெரிக்காவில் 21, இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வயதில் சந்தேகம் வந்தால் ஊழியரை அடையாள அட்டை கேட்கச் சொல்லி, மது கொடுக்க மறுத்தால் அதை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே நிதானம் இழந்தவருக்கு இன்னொரு கிளாஸ் கொடுக்காத ஊழியரை முதலாளி திட்டக் கூடாது, வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

புதுப்பிக்கும் தேதியை உங்கள் போனில் மட்டும் போடாமல் மேலாளர், கணக்கர் போனிலும் போட்டு வையுங்கள். இரண்டு மாதம் முன்பே மணி அடிக்கட்டும்.