லைசென்ஸ் கையில வந்துட்டா வண்டி கத்துக்கிட்டதா அர்த்தமில்ல, நம்ம வேலூர் பக்கம் பண்ற தப்புங்க

டிரைவிங் ஸ்கூல்ல சேரப் போறவங்க கேக்கற முதல் கேள்வி, எத்தனை நாள்ல லைசென்ஸ் வரும்ங்கறதுதான். ஸ்டியரிங் என் கையில எத்தனை மணி நேரம் இருக்கும்னு யாரும் கேக்கறதில்ல, பெரிய தப்பே இதுதாங்க. 1989 மத்திய மோட்டார் வாகன விதியில கார் கத்துக்கொடுக்க குறைஞ்சது 21 நாள், அதுல நிஜமா ஓட்டற நேரம் 10 மணி நேரம்னு போட்டிருக்கு. ஆனா பல இடத்துல ஒரே கார்ல மூணு நாலு பேரை ஏத்திக்கிட்டு, விடியகாலையில ஆளே இல்லாத ரோட்ல ஆளுக்குக் கொஞ்ச நேரம் குடுத்து இறக்கி விட்டுடறாங்க. சேரும்போதே கேட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க.

அதுலயும் மாஸ்டர் காலுக்குக் கீழ ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். நீங்க மிதிக்க லேட்டானா அவரு மிதிச்சுடுவாரு, வண்டி ஆஃப் ஆகாம அழகா போகும், நாமளும் நல்லா ஓட்டறோம்னு நெனச்சுக்குவோம். கடைசி சில கிளாஸ்லயாவது "சார், ஆபத்துன்னா மட்டும் மிதிங்க"ன்னு சொல்லிட்டு ஓட்டுங்க, அப்பதான் உங்க கால் எங்க திணறுதுன்னு தெரியும்.

அடுத்தது, டெஸ்ட்டுக்கு மட்டும் பிராக்டிஸ் பண்றது. டூவீலர் டெஸ்ட்டுல 8 போடறது மெதுவா போறப்போ பேலன்ஸ் இருக்கான்னு பாக்கத்தான். சத்துவாச்சாரி பக்கம் சர்வீஸ் ரோட்ல இருந்து பெங்களூர் ஹைவேல ஏறறதுக்கு அது எதுக்கும் உதவாது. நிறைய பேரு ஏறற இடத்துல நின்னு எட்டிப் பாத்துட்டு அப்படியே முதல் கியர்ல உள்ள நுழையறாங்க, பின்னாடி 80ல வர்ற லாரி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் வந்துடும், அந்த டிரைவர் உங்களப் பாத்து பிரேக்குல கால வைக்கறதுக்குள்ளயே அவ்வளவு தூரம் போயிடும். இண்டிகேட்டர் போடுங்க, கண்ணாடி பாருங்க, கண்ணாடியில தெரியாத பக்கத்துக்கு ஒரு தடவை தலைய திருப்பிப் பாருங்க, இடைவெளி இருந்தா ஸ்பீடு ஏத்திக்கிட்டே சேருங்க, இல்லேன்னா காத்திருங்க.

கிளாஸ் போனாலே சேஃப்டி வந்துடும்னு நம்பறதும் தப்புதான். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல டிகால்ப் கவுண்டின்னு ஒரு இடம், அங்க சுமார் 16,000 ஸ்கூல் பசங்கள வெச்சு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, நல்ல டிரெயினிங் எடுத்தவங்களுக்கு ஆரம்பத்துல கொஞ்சம் பலன் தெரிஞ்சுது, ஆனா அது நிலைக்கல. கிளட்ச் கியர் பழகறது வேற, ரோட்டப் படிக்கறது வேற, ரெண்டாவது ஓட்ட ஓட்டத்தான் வரும். அதனாலதான் நியூசிலாந்துல 1987லயே லைசென்ஸை படிப்படியா குடுக்க ஆரம்பிச்சாங்க, நடுக்கட்டத்துல ராத்திரி தனியா ஓட்டவும் ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போகவும் கட்டுப்பாடு உண்டு.

நமக்கு அப்படி சட்டம் இல்லேன்னாலும் எல்எல்ஆர் 6 மாசம் செல்லும் இல்லையா? 30 நாள் முடிஞ்ச அன்னிக்கே டெஸ்ட்டுக்கு ஓடாம அந்த மாசங்கள பயன்படுத்துங்க. லைசென்ஸ் இருக்கற அப்பாவோ அக்காவோ பக்கத்துல இருக்கணும், எல் போர்டு ஒட்டியிருக்கணும். முதல்ல ஞாயித்துக்கிழமை காலையில காட்பாடி ரோடு, அப்புறம் சாயங்கால கூட்டத்துல கிரீன் சர்க்கிள், அப்புறம் மழை, அப்புறம் ராத்திரி.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. டியூஷன் போக ஸ்கூட்டர் குடுக்கறீங்க, புள்ளைக்கு 18 ஆகல. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அந்தப் புள்ள வண்டி ஓட்டி மாட்டினா உங்களுக்கு 25,000 அபராதமும் 3 வருஷம் வரை ஜெயிலும், வண்டி ஆர்சி 12 மாசத்துக்கு ரத்து, புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் எல்எல்ஆரே கிடைக்காது. பணம் போனா போகுது, புள்ள போனா என்ன பண்ணுவீங்க?

லைசென்ஸ் வந்த சூட்டோட நாலு பேர ஏத்திக்கிட்டு ஏலகிரி கிளம்பறதையும் கொஞ்சம் தள்ளி வைங்க. 14 கொண்டை ஊசி வளைவு, கூட இருக்கறவங்க சத்தம் வேற. போயே ஆகணும்னா பழகினவர் ஒருத்தர் முன் சீட்ல இருக்கட்டும். இறங்கறப்போ பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடாதீங்க, ஏறின கியர்லயே இறங்குங்க, இஞ்சினே வண்டிய இழுத்துப் பிடிக்கும். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா சூடாகி பிடிக்காம போயிடும், கருகற வாடை வந்தா ஓரமா நிறுத்தி ஆறவிட்டு அப்புறம் எடுங்க.